எட்டு வருஷம் தாங்கிய கோட்டையும் என் பழைய போனும்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். மோட்டார் கொட்டாய் நிழலில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். நடுவில், சம்பா நடவில் இலை சுருண்டிருந்ததைப் படம் எடுத்து விவசாய ஆபீஸருக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். கேமரா திறப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். அப்புறம் படம் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“மாமா, இதைக் கொண்டுபோய்க் கோட்டைக்குக் கீழ இருக்கிற மியூசியத்துல வைங்க. பீரங்கிக் குண்டு பக்கத்துல நல்லா இருக்கும்” என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் அவன் அதோடு விடவில்லை. அவன் போனை எடுத்துக் காட்டி, இந்த மாடல் இவ்வளவு வேகம், 5ஜி, விலை 18,000 என்று கடைக்காரன் மாதிரி ஒப்பித்தான். நம்ம கணக்கு வேறு. 2025-26 சீசனில் அரசு கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 75 கிலோ மூட்டைக்கு 1,875. ஆக அவன் கையில் இருந்தது கிட்டத்தட்ட பத்து மூட்டை நெல். பத்து மூட்டையைக் காதில் வைத்துப் பேசுகிறான் பையன்.

அவன் பஸ் ஏறிப் போன பிறகும் மியூசியம் என்று சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் கழனியிலிருந்து பார்த்தால் ராஜகிரி தெரியும். தினமும் பார்க்கிற மலைதான். ஆனால் அன்றைக்கு வேறு மாதிரி பார்த்தேன். பழசை எப்போது மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு இந்த மலையைவிட அதிகமாகப் பதில் சொல்லக்கூடிய இடம் இந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை.

2025 ஜூலை 11 அன்று, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நம்ம செஞ்சி சேர்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் என்று பன்னிரண்டைச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று மட்டும் இங்கே. அதிலிருந்து சனி ஞாயிறுகளில் கார்கள் வரிசை கட்டுகின்றன. வருகிறவர்கள் கல்யாண மகாலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, தேசிங்கு ராஜா குதிரை எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தேசிங்கு பற்றி எழுதச் சொல்லி எனக்கும் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், அது இன்னொரு நாள். இன்றைக்கு அவருக்கு முந்தின கதை.

1677-ல் சிவாஜி தெற்கே வந்து பீஜாப்பூர்க்காரர்களிடமிருந்து செஞ்சியைப் பிடித்தார். அப்போதே இது பழைய கோட்டை. கோனார்கள் கட்டத் தொடங்கியது, நாயக்கர்கள் பெருக்கியது, பீஜாப்பூர் 1649-ல் எடுத்தது. இவ்வளவு இருந்தும் சிவாஜி அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் மதுரை மிஷனைச் சேர்ந்த ஆந்த்ரே ஃபிரெய்ரே என்ற சேசு சபைப் பாதிரியார் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். புது மதில் எழுப்பினார், அகழி வெட்டினார், கொத்தளம் கட்டினார், குளம் தோண்டினார், ஐரோப்பியர்கள்கூடக் குறை சொல்ல முடியாத வேலை என்று வியந்து சொல்லியிருக்கிறார்.

இத்தனைக்கும் அப்போது செஞ்சிக்கு உடனடி ஆபத்து என்று ஒன்றும் இல்லை. சிவாஜியின் ராஜ்யம் எங்கேயோ, செஞ்சி எங்கேயோ. மூன்று வருஷத்தில், 1680-ல், அவர் இறந்தும் போனார். அவர் இந்தக் கோட்டைக்குள் பதுங்க வேண்டிய நாளே வரவில்லை. வந்தது அவருடைய இளைய மகன் ராஜாராமுக்கு. 1689-ல் அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ற பிறகு, தலைநகரமும் போன பிறகு, மாறுவேஷத்தில் தப்பி வந்து ராஜாராம் உட்கார்ந்த இடம் செஞ்சி. கொஞ்ச வருஷம் மராட்டியத் தலைநகரமே இந்த ஊர்தான். பின்னாலேயே 1690-ல் ஜுல்ஃபிகார் கான் தலைமையில் மொகலாயப் படை வந்து சுற்றி வளைத்தது. கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டார்.

எட்டு வருஷம்! மதிலின் பெருமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஜுல்ஃபிகார் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு. ஆனால் எனக்கு இதில் பிடித்த இடம் வேறு.

1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் பெரிய குதிரைப் படையோடு வந்து இறங்கினார்கள். நேராகக் கோட்டைக்குப் போகாமல் வெளியே சுற்றி மொகலாயர்களுக்கு வருகிற தானியத்தையும் தபாலையும் மறித்தார்கள். முற்றுகை போட வந்தவன் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டான். முகாமில் பஞ்சம். அதைவிடப் பெரிய கஷ்டம், பாதுஷாவிடமிருந்து சேதி வரவில்லை. சேதி வராத இடத்தில் என்ன வரும்? வதந்தி வரும். ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்று ஒரு பேச்சு முகாமில் கிளம்பியது. கூடவே இருந்த ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷ் பயந்து போய் ராஜாராமோடு ரகசியப் பேச்சு நடத்த, தளபதிகள் பாதுஷா மகனையே பிடித்துக் காவலில் வைத்தார்கள். கடைசியில் மொத்தப் படையும் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. ஔரங்கசீப் அதற்கப்புறம் பதினாலு வருஷம் உயிரோடு இருந்தார்.

பீரங்கியும் யானையும் எல்லாம் இருந்தன. சேதி மட்டும் வரவில்லை. அவ்வளவுதான்.

இந்த வரலாற்றுக்கு ஒரு பின்பாதி இருக்கிறது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரன் புஸ்ஸி செஞ்சிக்கு வந்தான். உள்ளே இருந்தது ஆற்காட்டு முகமது அலியின் தோற்று ஓடிவந்த படை. வாயிற்கதவை வெடி வைத்துப் பிளந்து, ராத்திரியோடு ராத்திரியாக மலை மேலே ஏறி, விடிவதற்குள் கோட்டை அவர்கள் கையில். எட்டு வருஷம் தாங்கிய கோட்டை ஒரு ராத்திரியில் போனது. உள்ளே இருந்தவர்கள் ஏற்கெனவே பயந்து கிடந்தவர்கள் என்பதால் கல்லின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனாலும் ராஜகிரி உச்சிக்கு முன்னால் இருக்கிற அந்தப் பிளவில் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் நினைப்பது இதுதான். 1698-க்கும் 1750-க்கும் நடுவில் இந்தப் பாறையில் எதுவும் தேயவில்லை. வெளியே இருந்த சண்டை முறைதான் மாறிப்போயிருந்தது.

இனி எங்கள் வீட்டுப் போன் கதைக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் அவசரம் என்றால் தந்தி. தந்தி வந்தாலே வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும், பிரித்துப் பார்க்கும் முன்பே. 1984-ல் சாம் பிட்ரோடா பின்னால் நின்று சி-டாட் என்ற அரசு நிறுவனம் தொடங்கி, ஏ.சி. இல்லாமல் கிராமத்து வெயிலிலும் தூசியிலும் ஓடக்கூடிய 128 இணைப்புத் தொலைபேசி நிலையத்தை உருவாக்கினார்கள். முதல் பெட்டி 1986-ல் கர்நாடகத்துக் கிட்டூரில் வந்தது. வெளிநாட்டு நிலையங்கள் குளிர்சாதன அறை கேட்டன. இது மின்விசிறிகூடக் கேட்கவில்லை. இந்தியக் கிராமத்துக்குப் போன் வந்த கதையில் வேகத்தைவிட இந்தத் தாங்கும் சக்திதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அந்தப் பெட்டிகளின் புண்ணியத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. கத்தரிக்காய் பறித்த அன்று ராத்திரி, கட்டணம் குறைகிற நேரம் பார்த்து, அப்பா சைக்கிளில் போய்க் கோயம்பேட்டுக்குப் போன் போடுவார். மீட்டர் ஓட ஓட, அவர் பேசுவது வேகமாகிக்கொண்டே போகும். “என்ன ரேட்டு, எத்தினி மூட்டை வந்துச்சி, சரி வெக்கிறேன்.” மூன்று வாக்கியத்தில் ஒரு வியாபாரம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் மட்டும் நாற்பது வருகிறது.

1995 ஜூலை 31 அன்று ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் சுக்ராமை அழைத்ததுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நமக்கு வந்தால்கூடக் காசு. 2003-ல் உள்வரும் அழைப்பு இலவசமான பிறகுதான் செல்போன் வரப்புக்கு வந்தது. அதே 2003-ல் நோக்கியா 1100 வந்தது. நகரத்தில் இருக்கிற உங்களுக்கு அது ஒரு பழைய போன். எங்களுக்கு அது பாம்பு விரட்டிய போன். அதன் தலையில் ஒரு டார்ச். ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும். மோட்டார் போட வரப்பில் நடக்க வேண்டும். கண்ணாடிவிரியன் வரப்பில்தான் படுத்திருக்கும். தூசிக்கும் வியர்வைக்கும் கலங்காது, சேற்றில் விழுந்தால் துடைத்துவிட்டுப் பேசலாம். உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் தொழிற்சாலை திறந்ததும், ஆயிரக்கணக்கில் பையன்களும் பெண்பிள்ளைகளும் வேலைக்குப் போனதும், 2014 நவம்பரில் அது மூடப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. உடையாத போன் செய்தவன் போய்விட்டான், ஸ்மார்ட்போனுக்கு மாறத் தாமதித்ததில். இதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் ஸ்மார்ட்போன் வாங்கியது 2017 தொடக்கத்தில். முந்தின வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்து, டேட்டா தண்ணீர் மாதிரி ஓடிய நேரம். தமிழ் தெரிகிற போன் என்பதற்காகவே வாங்கினேன். அதற்கு முன் வைத்திருந்ததில் தமிழில் யாராவது எழுதினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இந்த வலைப்பூவில் நீங்கள் படித்த பாதிக்கு மேல் அந்தப் போனில், வரப்பில் உட்கார்ந்து, கட்டை விரலால் அடித்தது. உழவன் செயலி, பி.எம். கிசான் பணம் வந்ததா என்ற குறுஞ்செய்தி, மாட்டுக்கு ஊசி போடுகிற தேதி எல்லாம் அதில்தான். அதன் மேல் எனக்கு ஒரு பாசம் இருப்பதை மறைக்கவில்லை.

அது மெதுவானதும் முதலில் நான் கடைக்குத்தான் போனேன், புதுசு வாங்க இல்லை. செஞ்சியில் ஒரு ரிப்பேர் பையன் இருக்கிறான். “அண்ணே, பேட்டரி செத்துப்போச்சி” என்றான். லித்தியம் பேட்டரி சுமார் 500 தடவை முழுசாக ஏறி இறங்கினால் பழைய கொள்ளளவில் ஐந்தில் நாலு பங்குதான் மிஞ்சும். வயதான பேட்டரியால் திடீரென்று நிறைய மின்சாரம் கொடுக்க முடியாது, போன் அணைந்துவிடும். 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டதும் இதைத்தான். அணைந்துவிடாமல் இருக்கப் பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாகச் சொன்னார்கள். போன் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்கள் கொதித்தார்கள். கடைசியில் ஆப்பிள் பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 ஆக இறக்கியது. உழவு மாடு நொண்டினால் முதலில் லாடத்தைப் பார் என்பார் எங்கள் தாத்தா. பேட்டரிக்கும் கூலிக்கும் சேர்த்து 900 ரூபாய். கூடவே நினைவகத்தை அடைத்துக்கொண்டிருந்த காலை வணக்கம், பூ, சாமி படம் எல்லாவற்றையும் அழித்தான். போன் துள்ளிக்கொண்டு ஓடியது.

இது இரண்டு வருஷத்துக்கு முந்தின கதை. பேட்டரி போட்டால் போதும், கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று அப்போது இங்கே பெரிதாக எழுதியும் இருந்தேன். பல பேர் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டு கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது.

இந்தப் புரட்டாசியில் சொர்ணவாரி அறுப்பு. மேற்கே கருக்கட்டி நிற்கிறது. அறுவடை இயந்திரம் கிடைப்பதே பாடு. ஒரு வாரம் கெஞ்சி வரவழைத்தது. முக்கால் ஏக்கர் ஓட்டியதும் டிரைவர் இறங்கி, ஓனர் முன்பணம் போட்டுவிடச் சொல்கிறார், போட்டால்தான் மீதி என்றான். ஞாயிற்றுக்கிழமை. கையில் அவ்வளவு ரொக்கம் இல்லை. கணக்கில் இருக்கிறது. போனை எடுத்தால், என் வங்கிச் செயலி திறக்க மாட்டேன் என்கிறது. இந்தப் போனில் இருக்கிற ஆண்ட்ராய்டு பழையது, இனி வேலை செய்யாது என்று ஒரு வரி. முதல் நாள் வரை வேலை செய்தது. எந்த வங்கி என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? சுற்றிலும் சிக்னல் முழுசாக இருக்கிறது, பேட்டரி எண்பது சதவீதம் இருக்கிறது, பணம் இருக்கிறது. சேதி மட்டும் போகவில்லை.

பக்கத்துக் கழனி எங்கள் பங்காளியுடையது. வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போய்க் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்காரிதான் போனாள். அவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்தார், ஓனர் நம்பரைக் கேட்டார், அனுப்பினார். மிஷின் ஓடியது. கடைசி மூட்டையை தார்ப்பாயில் மூடும்போது மழை பிடித்தது. மறுநாள் பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “அதுக்கென்ன இப்போ அவசரம்” என்றார். இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அன்றைக்குப் புரிந்தது, நான் தப்பான இடத்தில் கணக்குப் பார்த்திருக்கிறேன். வேகம் என்பது பேட்டரி சமாசாரம், 900 ரூபாயில் தீர்ந்துவிடும். 5ஜி 2022 அக்டோபரில் வந்தது; அது இல்லாமலும் நெல்லு விளைகிறது. ஆனால் போனுக்குள் இருக்கிற ஆண்ட்ராய்டுக்குக் கம்பெனிக்காரன் புது பதிப்பு அனுப்புவதை நிறுத்திய பிறகு அது காவல் இல்லாத கொத்தளம். திருட்டு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், அடைக்க ஆள் இருக்காது. அதனால் வங்கிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கதவைச் சாத்துகின்றன. என் போனுக்கு ஒரே ஒரு தடவைதான் புது பதிப்பு வந்தது, ஆண்ட்ராய்டு 7. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. பாறை அப்படியே இருக்கிறது, வெளியேதான் எல்லாம் மாறிவிட்டது.

இதே மாதிரி இன்னொன்றும் மோட்டார் கொட்டாயில் காத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மொபைல் ஸ்டார்ட்டரில் இருப்பது 2ஜி சிம். மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். அது வந்த பிறகுதான் ராத்திரி வரப்பு நடை நின்றது. 3ஜி-யை ஏர்டெல் 2020-லேயே மூடிவிட்டது. 2ஜி-க்கும் ஒரு நாள் வரும். நல்லாத்தான் ஓடிக்கொண்டிருக்கும், ஒருநாள் காலையில் ஊமையாகிவிடும்.

ஆக வாங்குவது என்று முடிவு. மருமகன் காட்டியதை இல்லை. கடையில் போய் நான் கேட்கப்போகிற முதல் கேள்வி, இன்னும் எத்தனை வருஷம் இதுக்குப் பாதுகாப்புப் பதிப்பு வரும் என்பது. 2023-ல் கூகுள் தன் பிக்ஸல் 8-க்கு ஏழு வருஷம் என்று அறிவித்தது, அடுத்த வருஷம் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு. அதெல்லாம் முப்பது மூட்டை, நாற்பது மூட்டை விலை. ஆனால் ஐரோப்பாவில் 2025 ஜூனிலிருந்து, விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷத்துக்குப் பதிப்பு தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அதன் சூடு பட்டு மலிவான போன்களிலும் இப்போது வருஷக் கணக்கு சொல்லித்தான் விற்கிறார்கள். 13,000 ரூபாய்க்குள், ஆறு வருஷம் பதிப்பு உண்டு என்று எழுதியிருக்கிற ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ராம், ஜிகாஹெர்ட்ஸ் எல்லாம் அப்புறம்.

ராத்திரி சாப்பிடும்போது இதையெல்லாம், சிவாஜியிலிருந்து ஆரம்பித்து, வீட்டுக்காரியிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். அவளிடம் இருப்பது பட்டன் போன். குழுக் கணக்கும் பால் கணக்கும் அவள்தான் பார்க்கிறாள். மாதம் உரிமைத்தொகை வந்த சேதியையும் என்னிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வாள், எழுத்து அவ்வளவு பொடி.

“அப்போ புதுசு உங்களுக்கு, பழசு எனக்கா?” என்றாள்.

பதில் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“பங்காளி வூட்டுக்குப் போயி கேட்டது நானு” என்றாள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, செஞ்சி வாரச்சந்தை. இரண்டு பேரும் போகிறோம். புதுப் போன் அவள் பேரில். இனி மிஷின்காரனுக்கும் உரக்கடைக்கும் பணம் அனுப்புவது அவள் வேலை. பழசு என்னிடமே இருக்கும். இந்தப் பதிவையும் அதில்தான் அடிக்கிறேன். இலை சுருண்ட படம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.